கையடக்க கன்சோல் கேமை டிவியில் ஆட: அடாப்டர், டாக், கேபிள் பற்றிய முழு வழிகாட்டி

அடாப்டர் வாங்கும் முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். கையில் இருக்கும் கன்சோல் வெளியே வீடியோ அனுப்புமா, அனுப்பாதா? அடாப்டர் என்பது வருகிற சிக்னலை டிவிக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றித் தரும் கருவி. வராத சிக்னலை அது உண்டாக்காது. வாங்கிய அடாப்டர் பெட்டியிலேயே தூங்குவதற்குப் பெரும்பாலும் இதைச் சரிபார்க்காததுதான் காரணம். யுஎஸ்பி-சி துளை கண்ணில் பட்டதும் எச்டிஎம்ஐ அடாப்டர் மாட்டிவிடலாம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். துளையின் வடிவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வீடியோ கம்பிகள் இணைக்கப்பட்டிருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

எதில் படம் வரும், எதில் வராது

நின்டெண்டோ ஸ்விட்சின் 2017 மாடலும் 2021-இல் வந்த ஓஎல்இடி மாடலும் டிவிக்குப் படம் அனுப்பும். 2019-இல் வந்த ஸ்விட்ச் லைட் அனுப்பாது. அதன் அடியிலும் அதே யுஎஸ்பி-சி துளைதான், ஆனால் சார்ஜ் ஏற்றத்தான் உதவும். லைட்டை டிவியில் காட்டும் என்று யாராவது அடாப்டர் விற்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஸ்விட்ச் 2 டிவிக்குப் படம் அனுப்பும்.

ஸ்டீம் டெக், அசூஸ் ராக் ஆலை, லெனோவோ லீஜியன் கோ போன்ற கையடக்கக் கணினிகள் எல்லாம் யுஎஸ்பி-சி வழியாகவே வீடியோ அனுப்பும்.

சோனி பக்கம் கொஞ்சம் குழப்பம். பிஎஸ்பி-யில் முதல் மாடலான 1000-இல் டிவி இணைப்பு கிடையாது. 2000, 3000 இரண்டிலும் உண்டு. பிஎஸ்பி கோ-விலும் உண்டு, ஆனால் அதன் இணைப்புத் துளை வேறு வடிவம் என்பதால் மற்ற பிஎஸ்பி-களின் கேபிள் சேராது. பிஎஸ் வீட்டாவின் இரண்டு மாடல்களிலும் வீடியோ வெளியீடு இல்லை. வீட்டா கேமை டிவியில் ஆட விரும்புவோருக்கென்றே 2013-இல் ஜப்பானிலும் மறு ஆண்டு மற்ற சில நாடுகளிலும் பிளேஸ்டேஷன் டிவி என்ற சின்னப் பெட்டியை சோனி விற்றது. வீட்டா கார்டை அதில் செருகி ஆடலாம். ஆனால் தொடுதிரையையும் பின்பக்கத் தொடுபட்டையையும் நம்பி எழுதப்பட்ட கேம்கள் பல அதில் ஓடாது.

நின்டெண்டோ டிஎஸ், 3டிஎஸ் இரண்டிலும் வீடியோ வெளியீடு இல்லை. உள்ளே தனிச் சர்க்யூட் பலகையைப் பற்றவைத்து மாற்றியமைத்தால்தான் உண்டு, அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே. பழைய கேம் பாய், கேம் பாய் கலர், கேம் பாய் அட்வான்ஸ் கருவிகளிலும் இல்லை. ஆனால் அவற்றின் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, டிவியோடு இணையும் வேறொரு கருவியில் செருகி ஆட அருமையான வழிகள் உண்டு. அவை பின்னால் வருகின்றன.

விநோதமான ஒரு ஜோடியும் உண்டு. சேகாவின் கேம் கியருக்கு டிவி டியூனர் வந்தது, அதாவது கேம் கருவியில் டிவி பார்க்கலாம், ஆனால் அதன் கேமை டிவியில் பார்க்க முடியாது. அதே சேகா 1995-இல் விட்ட நோமாட் என்ற கையடக்கக் கருவியில் ஏவி வெளியீடு, அதாவது டிவிக்குப் படமும் ஒலியும் அனுப்பும் துளை, இருந்தது.

பழைய கேம்களை ஓட்டும் சிறு கருவிகளில் சிலவற்றில் மினி எச்டிஎம்ஐ துளை இருக்கும். அப்படியென்றால் மினி எச்டிஎம்ஐ-யிலிருந்து சாதாரண எச்டிஎம்ஐ-க்குப் போகும் ஒரு கேபிள் போதும். மைக்ரோ எச்டிஎம்ஐ இதைவிடச் சின்னது, பார்த்து வாங்குங்கள். இவ்வகைக் கருவிகளில் யுஎஸ்பி-சி துளை பெரும்பாலும் சார்ஜுக்கு மட்டும்தான்.

ஸ்விட்ச்: எல்லாமே மின்சாரத்தில் இருக்கிறது

ஸ்விட்சைக் கையில் வைத்து ஆடும்போது அதன் கிராஃபிக்ஸ் சிப் கேமைப் பொறுத்து 307.2 மெகாஹெர்ட்ஸிலிருந்து 460 வரையிலான வேகத்தில் ஓடும். டாக்கில், அதாவது கன்சோலைச் செருகி டிவியோடு இணைக்கும் தாங்கியில், வைத்தால் 768 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறும், படமும் 720பி-யிலிருந்து (720 படுக்கை வரிகள்) அதிகபட்சம் 1080பி வரை போகும். இந்த ஏற்றத்துக்கு பேட்டரி போதாது. அதனால் 15 வோல்ட் மின்சாரம் கிடைத்தால்தான் ஸ்விட்ச் டிவிக்கு மாறும். கிடைக்காவிட்டால் சார்ஜ் ஏறும், கன்சோலின் திரையில் படம் தெரியும், டிவியில் மட்டும் ஒன்றும் வராது. ஸ்விட்சில் வரும் "படம் வரவில்லை" புகார்களில் பெரும்பகுதி இங்கே முடிகிறது.

கூடவே வரும் டாக்கில் இணைக்கும் வரிசை:

1. டாக்கின் பின்மூடியைத் திறங்கள். ஓஎல்இடி மாடல் டாக்கில் மூடி தனியாகவே கழன்று வரும்.
2. முதலில் மின் அடாப்டரின் யுஎஸ்பி-சி முனையை அதற்குரிய துளையில் செருகி, மறுமுனையைச் சுவரில் மாட்டுங்கள். ஒரிஜினல் அடாப்டரின் மேல் 15 வோல்ட், 2.6 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும்.
3. அடுத்து எச்டிஎம்ஐ கேபிளை டாக்கிலும் டிவியிலும் செருகுங்கள். டிவியில் எந்த எண் துளை என்று நினைவில் வையுங்கள்.
4. மூடியை மூடி, கன்சோலின் திரை டாக்கின் லோகோ இருக்கும் பக்கத்தைப் பார்க்கும்படி மேலிருந்து மெதுவாக இறக்குங்கள். அடியில் உள்ள முனையில் உட்கார்ந்ததும் சின்னத் தடை தெரியும். அதற்கு மேல் அழுத்த வேண்டாம்.
5. டிவியில் அந்த எச்டிஎம்ஐ எண்ணைத் தேர்ந்தெடுங்கள். டாக்கின் முன்புறம் பச்சை விளக்கு எரிந்து, கன்சோலின் திரை அணைந்தால் படம் டிவிக்குப் போய்விட்டது என்று பொருள்.

மின்சாரம் முதலில், எச்டிஎம்ஐ பிறகு என்ற வரிசை வெறும் சம்பிரதாயம் இல்லை. கன்சோல் டாக்கில் வைத்தபடியே கேபிள்களை மாற்றி மாற்றிப் பிடுங்கிச் செருகும்போது டாக்கும் டிவியும் பேசிக்கொள்ளும் தொடக்க உரையாடல் சில சமயம் பாதியில் நின்றுவிடும். அப்படி நின்றால் கன்சோலை வெளியே எடுத்து, மின் அடாப்டரைச் சுவரிலிருந்தும் டாக்கிலிருந்தும் பிடுங்கி, குறைந்தது 30 விநாடி விட்டுவிட்டு, மேலே சொன்ன வரிசையில் மறுபடி மாட்டுங்கள். அடாப்டர் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருந்தால் இந்த இடைவெளியில் திறந்துகொள்ளும். ஐந்து விநாடியில் திரும்ப மாட்டிவிட்டு "அதே நிலைதான்" என்று சொல்வதில் பயனில்லை.

டாக் இல்லாமல், சின்ன அடாப்டரோடு

பயணத்துக்கு டாக் பெரியது. அதற்குப் பதில் உள்ளங்கையில் அடங்கும் யுஎஸ்பி-சி அடாப்டர் போதும். அதில் மூன்று துளைகள் வேண்டும்: எச்டிஎம்ஐ, சாதாரண யுஎஸ்பி-ஏ, சார்ஜரை இணைக்கும் யுஎஸ்பி-சி. மூன்றாவது இல்லாத, எச்டிஎம்ஐ மட்டும் உள்ள அடாப்டர் ஸ்விட்சுக்கு உதவாது. அதே அடாப்டர் மடிக்கணினியில் அழகாக வேலை செய்யும் என்பதால்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

சார்ஜரின் முதுகில் உள்ள பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டாவது படியுங்கள். வெளியீடு என்ற வரியில் இப்படி ஒரு அடுக்கு இருக்கும்: 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 3 ஆம்பியர், 15 வோல்ட் 3 ஆம்பியர், 20 வோல்ட் 2.25 ஆம்பியர். இதில் 15 வோல்ட் என்ற படி இருக்க வேண்டும், அதன் பக்கத்தில் 2.6 ஆம்பியரோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். மொத்த வாட்டை மட்டும் பார்த்து வாங்குவது தவறு. சில கைபேசி சார்ஜர்கள் பெரிய வாட் எண்ணைப் போட்டிருக்கும், ஆனால் அந்தச் சக்தியைத் தங்கள் நிறுவனக் கைபேசிக்கு மட்டும் தனி முறையில் கொடுக்கும். பவர் டெலிவரி எனும், எல்லா நிறுவனக் கருவிகளுக்கும் பொதுவான யுஎஸ்பி-சி மின்சார முறையில் 9 வோல்ட்டோடு நின்றுவிடும். பவர் டெலிவரி உள்ள 45 வாட் மடிக்கணினி சார்ஜர்களில் பெரும்பாலும் 15 வோல்ட் படி இருக்கும்.

மூன்றாம் தரப்பு டாக்குகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2018-இல் சிஸ்டம் அப்டேட் 5.0 வந்தபோது, மூன்றாம் தரப்பு டாக்குகள் சிலவற்றில் வைத்த ஸ்விட்சுகள் உயிரிழந்தன. யுஎஸ்பி பவர் டெலிவரி விதிகளை ஒழுங்காகப் பின்பற்றும் அடாப்டராக இருந்தால் பயமில்லை. பெயரும் ஊரும் தெரியாத, விவரக்குறிப்பே இல்லாத டாக்கில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கன்சோலை வைப்பது தேவையில்லாத சூதாட்டம்.

ஸ்விட்ச் 2 தனி ரகம். அதன் டாக் 60 வாட் மின் அடாப்டரைக் கேட்கும். பழைய ஸ்விட்ச் அடாப்டர் கன்சோலுக்கு சார்ஜ் ஏற்றும், டிவிக்குப் படம் தராது. பழைய ஸ்விட்ச் டாக்கும் அதற்குப் பொருந்தாது. 4கே-யில் 60 ஹெர்ட்ஸ் வரையும், 1080பி அல்லது 1440பி-யில் 120 ஹெர்ட்ஸ் வரையும் டிவிக்கு அனுப்பும். அந்த அளவுக்குக் கூடவே வரும் எச்டிஎம்ஐ கேபிளையே பயன்படுத்துங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய கேபிளை மாட்டினால் படம் கண் சிமிட்டுவதுபோல் வந்து வந்து போகும்.

ஒரு கேமை டிவியில் ஆட முடியுமா என்பதையும் வாங்கும் முன்பே பாருங்கள். பெட்டியின் பின்புறத்தில் டிவி, மேசை, கை என மூன்று முறைகளுக்கும் குறியீடுகள் இருக்கும். தொடுதிரையை மட்டுமே நம்பும் ஒரு சில கேம்கள் டிவியில் ஓடாது.

ஸ்டீம் டெக் மற்றும் விண்டோஸ் கருவிகள்

இவை ஸ்விட்சைப் போல மின்சாரம் இல்லாவிட்டால் படமே தராது என்று அடம்பிடிப்பதில்லை, பேட்டரியிலேயே டிவிக்குப் படம் அனுப்பும். சிக்கல் வேறு இடத்தில் வரும்.

முதல் சிக்கல் ஹப், அதாவது ஒரு யுஎஸ்பி-சி துளையைப் பல துளைகளாகப் பிரித்துத் தரும் பெட்டி. பெட்டியில் "4கே" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், பக்கத்திலேயே பொடியாக 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். எச்டிஎம்ஐ 1.4 சிப் உள்ள ஹப்கள் 4கே-யில் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. படம் கூர்மையாகத் தெரியும், ஆனால் கன்ட்ரோலரின் குச்சியை அசைத்தால் கேம் தேனில் நீந்துவதுபோல் இழுக்கும். அப்படிப்பட்ட ஹப் கையில் இருந்தால் திரை அமைப்பில் 1080பி, 60 ஹெர்ட்ஸ் என்று மாற்றிவிடுங்கள். கேம் ஆட 4கே 30-ஐவிட 1080பி 60 பல மடங்கு மேல். இதில் இரண்டாம் கருத்துக்கே இடமில்லை. புதிதாக வாங்குவதென்றால் எச்டிஎம்ஐ 2.0 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

இரண்டாவது சிக்கல், ஸ்டீம் டெக்கில் மங்கலான படம். டெக்கின் சொந்தத் திரை 1280க்கு 800 புள்ளிகள். டிவி 1080பி-யோ 4கே-யோ ஆக இருந்தாலும் கேம் 1280க்கு 800-இலேயே ஓடிக்கொண்டிருக்கும், டெக் அதை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். திரை 16க்கு 10 விகிதம் என்பதால் இரு ஓரங்களிலும் கருப்புப் பட்டையும் வரும். சரிசெய்யும் விதம்:

1. நூலகத்தில் கேமின் பக்கத்துக்குப் போய், பற்சக்கரக் குறியை அழுத்தி, ப்ராப்பர்டீஸ் திறங்கள்.
2. ஜெனரல் பகுதியில் கேம் ரெசல்யூஷன் என்ற வரியில் 1920க்கு 1080-ஐத் தேர்ந்தெடுங்கள்.
3. கேமைத் திறந்து, அதன் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் அமைப்பிலும் அதே அளவை வையுங்கள். இந்த மூன்றாவது படியை விட்டுவிட்டு இரண்டாவதோடு நிறுத்துபவர்கள்தான் "மாற்றியும் மாறவில்லை" என்கிறார்கள்.

1080பி-யில் கேம் திணறினால் 1280க்கு 720-க்கு இறக்கிவிட்டு, விரைவு மெனுவில் ஸ்கேலிங் ஃபில்டரை எஃப்எஸ்ஆர்-ஆக (சின்னப் படத்தைக் கூர்மையாகப் பெரிதாக்கும் முறை) மாற்றுங்கள். சோபாவிலிருந்து பார்க்கும் தூரத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

விண்டோஸ் கருவிகளில் டிஸ்ப்ளே அமைப்புக்குப் போய், இரு திரைகளிலும் ஒரே படம் என்பதை மாற்றி, இரண்டாவது திரை மட்டும் என்று வையுங்கள். இரண்டிலும் ஒரே படம் காட்டும்போது இரு திரைகளுக்கும் பொதுவான ஏதோ ஒரு அளவிலும் புதுப்பிப்பு வேகத்திலும் ஓட வேண்டியிருக்கும், அதுவே சிக்கிச் சிக்கி ஓடக் காரணமாகும். ஒலி கருவியிலேயே வந்தால் ஒலி வெளியீட்டில் டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

மின்சாரக் கணக்கும் உண்டு. ஸ்டீம் டெக்கின் சார்ஜர் 45 வாட். ஹப் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கருவிக்குத் தரும். 45 வாட் சார்ஜரை ஹப் வழியாகக் கொடுத்துப் பெரிய கேம் ஆடினால், சார்ஜர் மாட்டியிருக்கும்போதே பேட்டரி மெல்ல இறங்குவதைப் பார்க்கலாம். ஹப்புக்கு 65 வாட் சார்ஜர் கொடுங்கள். 65 வாட்டையே சொந்த சார்ஜராகக் கொண்ட ராக் ஆலை போன்றவற்றுக்கு 100 வாட் சார்ஜரும் அதைத் தாங்கும் ஹப்பும் வேண்டும்.

பிஎஸ்பி: இரண்டு சிவப்புகளின் கதை

பிஎஸ்பி-யின் கேபிள் ஹெட்போன் துளையோடு ஒட்டிய இணைப்பில் மாட்டும். படத்தை ஒரே கம்பியில் அனுப்பும் காம்போசிட், இரண்டாகப் பிரித்து அனுப்பும் எஸ்-வீடியோ, மூன்றாகப் பிரித்து அனுப்பும் காம்போனென்ட் எனப் பல கேபிள்கள் உண்டு. எதை வாங்குவது என்பதை மாடல்தான் முடிவு செய்யும். 2000 மாடலில் மெனுவும் வீடியோவும் எந்தக் கேபிளிலும் வரும், ஆனால் கேம் மட்டும் ப்ரோக்ரெசிவ் முறையில், அதாவது எல்லா வரிகளையும் ஒரே வீச்சில் அனுப்பும் 480பி-யில்தான் வெளியேறும், அதற்கு காம்போனென்ட் கேபிள் கட்டாயம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட காம்போசிட் கேபிளை 2000-இல் மாட்டினால் மெனு அழகாகத் தெரியும், கேமைத் தொடங்கினால் டிவிக்கு வராது. கேபிளும் டிவியும் நன்றாகத்தான் இருக்கும், மாடலின் வரம்பு அது. 3000-இல் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அனுப்பும் இன்டர்லேஸ் முறையிலும் கேம் வெளியேறும் என்பதால் காம்போசிட்டும் போதும், ஆனாலும் படத் தரத்துக்கு காம்போனென்ட்தான் சிறந்தது.

காம்போனென்ட் கேபிளின் டிவி முனையில் ஐந்து செருகிகள் இருக்கும்: படத்துக்குப் பச்சை, நீலம், சிவப்பு, ஒலிக்கு வெள்ளை, இன்னொரு சிவப்பு. இரண்டு சிவப்பும் ஒரே அச்சு. இடம் மாறிச் செருகினால் படத்தில் சிவப்பு செத்துப்போய் முகங்கள் எல்லாம் நீலமும் மஞ்சளுமாகத் தெரியும், ஒரு பக்க ஸ்பீக்கரில் "ர்ர்ர்" என்று இரைச்சல் வரும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் டிவியின் நிற அமைப்பைக் குடைய வேண்டாம், சிவப்புகளை இடம் மாற்றுங்கள். கேபிளை உற்றுப் பார்த்தால் படத்துக்கான மூன்றும் ஒரு கொத்தாகவும் ஒலிக்கான இரண்டும் தனிக் கொத்தாகவும் பிரிந்திருக்கும். அதை வைத்தே அடையாளம் காணலாம்.

டிவியின் பின்னால் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரே துளை இருந்தால், அது காம்போசிட்டுக்கும் காம்போனென்ட்டுக்கும் பொதுவானது. பச்சைச் செருகியை அதில் மாட்டி, உள்ளீட்டுப் பட்டியலில் ஏவி-க்குப் பதில் காம்போனென்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேபிள் மாட்டியதும் பிஎஸ்பி-யில் செட்டிங்ஸ், அதற்குள் கனெக்டட் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய், டிவி வகையை 16:9 என்றும் காம்போனென்ட் வெளியீட்டை ப்ரோக்ரெசிவ் என்றும் வையுங்கள். பிறகு திரைக்குக் கீழே வரிசையில் உள்ள, திரைக் குறியிட்ட பொத்தானை 5 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். கையிலுள்ள திரை அணைந்து டிவியில் படம் வரும். திரும்பக் கொண்டுவரவும் அதே பொத்தான்தான்.

கேம் தொடங்கியதும் பலர் முகம் சுளிப்பார்கள்: நான்கு பக்கமும் கருப்புச் சட்டம், நடுவில் சின்னதாகக் கேம். பிஎஸ்பி-யின் கேம் படம் 480க்கு 272 புள்ளி. டிவிக்குப் போகும் சட்டம் 720க்கு 480. கேம் படத்தைப் பெரிதாக்காமல் அப்படியே சட்டத்தின் நடுவில் வைத்து அனுப்புகிறது பிஎஸ்பி. டிவியின் ஜூம் வசதியால் நிரப்பலாம். ஆனால் எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வழியாகப் போனால் பல டிவிகள் ஜூமைப் பூட்டிவிடும். அதனால் காம்போனென்ட் துளை உள்ள பழைய டிவி கிடைத்தால் பிஎஸ்பி-க்கு அதுவே உத்தமம்.

கன்சோல்தான் கன்ட்ரோலரும் என்பதால் கேபிளோடு கட்டுண்டுதான் ஆட வேண்டும். இதில் பிஎஸ்பி கோ மட்டும் விதிவிலக்கு: ஒரு பிஎஸ்3 உதவியோடு ஜோடி சேர்த்துவிட்டால் டூயல்ஷாக் 3 கன்ட்ரோலரை ப்ளூடூத்தில் பயன்படுத்தலாம்.

கார்ட்ரிட்ஜைக் கழற்றி ஆடும் வழிகள்

1994-இல் வந்த சூப்பர் கேம் பாய், டிவியோடு இணைத்து ஆடும் சூப்பர் நின்டெண்டோ கன்சோலில் செருகும் ஒரு பெரிய கார்ட்ரிட்ஜ். அதன் தலையில் கேம் பாய் கார்ட்ரிட்ஜைச் செருக வேண்டும். உள்ளே உண்மையான கேம் பாய் சிப் இருக்கிறது. ஆனால் கடிகாரத் துடிப்பை சூப்பர் நின்டெண்டோவிலிருந்து கடன் வாங்குவதால் கேம் சுமார் 2.4 சதவீதம் வேகமாக ஓடும், இசையும் ஒரு இழை சுருதி ஏறிக் கேட்கும். பழைய பாட்டை மனப்பாடமாக வைத்திருக்கும் காதுக்கு இது உறுத்தும். 1998-இல் ஜப்பானில் மட்டும் வந்த சூப்பர் கேம் பாய் 2 இந்தக் குறையைத் தீர்த்தது, இரு கருவிகளை இணைத்து ஆடும் லிங்க் கேபிளுக்கான துளையும் சேர்த்தது. இரண்டிலும் எல், ஆர் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் நிறமும் ஓரச் சட்டமும் மாற்றும் மெனு வரும். கேம் பாய் கலருக்கு மட்டுமான கேம்கள் இவற்றில் ஓடாது.

2003-இல் வந்த கேம் பாய் பிளேயர், நின்டெண்டோவின் டிவி கன்சோலான கேம்க்யூபின் அடியில் மாட்டும் தட்டு. கேம் பாய், கலர், அட்வான்ஸ் மூன்றும் ஓடும். மாட்டும் முன் கேம்க்யூபின் அடியில் உள்ள அதிவேகத் துளையின் மூடியைக் கழற்றிவிட்டு, தட்டைச் சமமாக அழுத்தித் திருகுகளை இறுக்குங்கள். பழைய பொருளாக வாங்கும்போது தட்டைவிட முக்கியம் அதோடு வரும் தொடக்க டிஸ்க். அது இல்லாமல் தட்டு வெறும் பீடம்தான். டிஸ்க்குக்குப் பிராந்தியப் பூட்டு உண்டு, தட்டுக்கு இல்லை. ஆட்டத்தின் நடுவே இசட் பொத்தானை அழுத்தினால் திரை அளவு, சட்டம் போன்றவற்றை மாற்றலாம். காம்போனென்ட் தரத்தில் படம் வேண்டுமென்றால் டிஜிட்டல் ஏவி துளை உள்ள கேம்க்யூப் தேவை. பிற்காலத்திய டிஓஎல்-101 மாடலில் அந்தத் துளையை நீக்கிவிட்டார்கள், எனவே அடியில் ஒட்டிய சீட்டில் மாடல் எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்றைய வழி என்றால் கேம் பாய் கார்ட்ரிட்ஜ்களை ஓட்டும், 2021 இறுதியில் வந்த கையடக்கக் கருவியான அனலாக் பாக்கெட்டும் தனியாக விற்கும் அதன் டாக்கும். நேரடியாக எச்டிஎம்ஐ-யில் 1080பி கிடைக்கும், இடையில் எந்தக் கன்வெர்ட்டரும் தேவையில்லை.

எதில் செருகினாலும் கார்ட்ரிட்ஜின் உலோகப் பற்களை முதலில் சுத்தம் செய்யுங்கள். பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு, பற்களின் நீளவாக்கில் தேய்ப்பு, காய ஐந்து நிமிடம். வாயால் ஊதுவது ஈரத்தைத்தான் உள்ளே அனுப்பும்.

ஏவி-யை எச்டிஎம்ஐ-யாக மாற்றும் சின்னப் பெட்டி

பழைய கருவியின் மூன்று வண்ணக் கேபிளைப் புது டிவியில் மாட்ட இந்தப் பெட்டி தேவைப்படும். இதில் திசை முக்கியம். ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றுவது ஒன்று, எச்டிஎம்ஐ-யிலிருந்து ஏவி-க்கு மாற்றுவது இன்னொன்று. இரண்டும் பார்க்க இரட்டைப் பிறவிகள், ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. தேவைப்படுவது முதலாவது. அதற்கு யுஎஸ்பி வழியாக 5 வோல்ட் மின்சாரமும் வேண்டும்.

மலிவான பெட்டிகளின் இன்னொரு குறை ஆழமானது. சூப்பர் நின்டெண்டோ காலத்துக் கருவிகள் 240பி என்ற சிக்னலை அனுப்பும். மலிவுப் பெட்டி அதை 480ஐ (இன்டர்லேஸ் முறை) என்று தவறாகப் புரிந்துகொண்டு, அடுத்தடுத்த இரண்டு பிரேம்களைப் பின்னிக் காட்டும். அதனால் அசையும் உருவங்களின் விளிம்பு சீப்புப் பல்போல் தெரியும், பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே தாமதமும் கூடும். நிதானமான கேமுக்கு இது பரவாயில்லை. தாவிக் குதிக்கும் கேமுக்கு ஆகாது. ரெட்ரோடிங்க் போன்ற பெட்டிகள் 240பி-யைச் சரியாகப் புரிந்துகொண்டு வரிகளை இரட்டிப்பாக்கித் தருவதால் தாமதம் சேர்வதில்லை. விலை அதிகம்தான், ஆனால் அந்த வித்தியாசம் கைக்கே தெரியும்.

டிவியில் மாற்ற வேண்டியவை

கேம் மோடை இயக்குங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு பிரேம் 16.7 மில்லிவிநாடி. படத்தை அழகாக்குகிறேன் என்று டிவி செய்யும் வேலைகள் ஒவ்வொன்றும் சில பிரேம்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கையில் ஆடும்போது எளிதாகத் தாண்டிய பள்ளத்தில் டிவியில் மட்டும் விழுந்துகொண்டே இருந்தால் விரல்மேல் குற்றம் சொல்ல வேண்டாம், காரணம் இதுதான்.

அடுத்தது ஓவர்ஸ்கேன். உயிர் எண்ணிக்கையோ வரைபடமோ திரை விளிம்பில் வெட்டுப்பட்டால், டிவியின் பட அளவு அமைப்பில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், ஃபுல் பிக்சல் என்பது போன்ற ஒன்று இருக்கும், அதை இயக்குங்கள். கன்சோலில் திரையைச் சுருக்குவது கடைசி வழி. சுருக்கினால் புள்ளிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் எழுத்து மங்கும்.

கருப்பு சாம்பலாக வெளுத்தோ, இருட்டுப் பகுதி மொத்தமாக மையாகவோ தெரிந்தால் ஆர்ஜிபி ரேஞ்ச், அதாவது கருப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நிற எல்லை, இரு பக்கமும் பொருந்தவில்லை. கன்சோலில் ஃபுல் என்றால் டிவியிலும் ஃபுல், லிமிடெட் என்றால் டிவியிலும் லிமிடெட்.

பழைய கேம் படத்தை முழுத் திரைக்கும் இழுக்கும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். கேம் பாய் படம் 160க்கு 144 புள்ளி. 1080பி டிவியில் அதை 7 மடங்கு பெரிதாக்கினால் 1120க்கு 1008, ஒவ்வொரு புள்ளியும் கச்சிதமான சதுரம். கேம் பாய் அட்வான்ஸின் 240க்கு 160-ஐ 6 மடங்காக்கினால் 1440க்கு 960. முழுமடங்காக இல்லாமல் 6.75 என்று இழுத்தால் சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் போய், திரை நகரும்போது அலையடிக்கும். 4கே டிவியில் கேம் பாய்க்கு ஒரு அதிர்ஷ்டம்: 15 மடங்கில் உயரம் சரியாக 2160.

படம் வராதபோது பார்க்கும் ஒழுங்கு

டிவியில் "சிக்னல் இல்லை" என்று வந்தால் முதலில் உள்ளீட்டு எண், பிறகு வேறு எச்டிஎம்ஐ துளை, பிறகு வேறு கேபிள். இவற்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அடுத்து சார்ஜரின் வோல்ட். அதற்குப் பிறகே அடாப்டரைச் சந்தேகியுங்கள்.

ஆடும் நடுவே படம் ஓரிரு விநாடி கருப்பாகித் திரும்பினால் பெரும்பாலும் கேபிளின் நீளமோ தரமோ காரணம். கன்சோலில் ஒரு படி குறைந்த ரெசல்யூஷன் வைத்துப் பாருங்கள். கருப்பாவது நின்றால் குற்றவாளி கேபிள்தான்.

கன்ட்ரோலர் விட்டுவிட்டு வேலை செய்தால் டாக்கை டிவியின் முதுகுக்குப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவாருங்கள். கம்பியில்லாக் கன்ட்ரோலர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகின்றன, யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கும் அதன் கேபிளும் அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும், டிவியின் உலோக முதுகு மிச்சத்தைத் தடுக்கும். ஹார்டு டிஸ்க்கை ஒரு நீட்டிப்புக் கேபிளால் தள்ளி வைத்தாலே பல சமயம் சரியாகிவிடும்.

அரைமணி ஆடியதும் கேம் தடுமாறத் தொடங்கினால் கருவியின் மேல்விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். ஸ்விட்சும் ஸ்டீம் டெக்கும் சூட்டை மேல்புறமாகத்தான் வெளியேற்றுகின்றன. மூடிய டிவி அலமாரிக்குள் வைத்தால் வெளியேறிய சூட்டையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும்.